தொட்டில் சீரோடு ஒரு பிளாஸ்க் அசை

ஓசூர்,
சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கரியப்பன் அவர்களுக்கு, கமலக்கண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் மருமகள் ஸ்வாதி நலம். பேத்தி நலம், மூக்கு அப்படியே உங்கள் குடும்பத்து மூக்கு என்று வந்து பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், நாங்களும் ஆட்சேபிக்கவில்லை. என் மனைவி சரஸ்வதி நலம். எனக்குச் சர்க்கரை இருக்க வேண்டிய அளவுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறது. மேலே ‘எல்லோரும்’ என்று எழுதியது வீட்டுக்குள் இருப்பவர்களை மட்டும் குறிக்கும். பின்னால் கொட்டகையில் இருப்பவரைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாட்றாம்பாளையத்தில் தாங்களும் சம்பந்தியம்மா பார்வதி அவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் மாப்பிள்ளை மாதேஷிடம் கொடுத்தனுப்பிய மூட்டைகள் வந்து சேர்ந்திருக்கும். தெருவில் இருப்பவர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கச் சொல்லியிருந்தேன். உங்கள் பங்காளி முனிராஜ் என்கிற ஆளுக்கு மட்டும் கொடுக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லி அனுப்பினேன். வரப்பில் நிற்கும் ஒரு புளியமரத்துக்காக உங்களோடு பேச்சை முறித்துக்கொண்டவர், நம் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் வந்து உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. உங்களுக்கு ஆகாதவர் எங்களுக்கும் ஆகாதவர். அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேலையில் இருந்த காலத்தில் ‘தேறாது’ என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிய உதிரிபாகங்கள் நினைவுக்கு வருகின்றன. அது நிற்க.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். உங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது டீக்கடை வாசலில் மட்டும். அங்கே நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். பேத்தி பிறந்த செய்தியை நான் சொன்னபோது எனக்கு வாழ்த்துச் சொன்ன குரல்களில் உங்களுடையது எது என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. பாதி வாழ்த்து கன்னடத்திலும் ஒன்றிரண்டு தெலுங்கிலும் வந்தன. நல்ல செய்திக்கு அது பொருத்தம். இந்தச் செய்திக்கு டீக்கடை தேவையில்லை என்று நினைத்துக் கடிதமாக எழுதி, நாளை லீவுக்கு ஊருக்கு வரும் மாப்பிள்ளையிடமே கொடுத்தனுப்புகிறேன். உறையை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். கொட்டகையில் இருக்கும் உங்கள் பசு மயிலிக்கு வயிறு கொஞ்சம் மந்தம் என்று மட்டும் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

பிள்ளை பெற்றவள் நம் மந்தையின் பாலைக் குடிக்க வேண்டும் என்பது உங்கள் குடும்பத்து வழக்கம் என்று சொல்லி, பிரசவத்துக்கு முன்பே மயிலியையும் கன்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினீர்கள். எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் இப்படிச் சமயத்தில் பூண்டும் கருவாடும் அனுப்புவார்கள். அவற்றுக்குக் கொட்டகை போட வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குக் கயிற்றை என் கையில் கொடுத்து நீங்கள் சொன்ன வார்த்தை என் நெஞ்சில் அப்படியே நிற்கிறது. “இது எம் பொண்ணு மாதிரிங்க சம்பந்தி. உங்க பொண்ண நான் பாத்துக்கறன், எம் பொண்ண நீங்க பாத்துக்கங்க. சரியாப் போச்சு.” நான் சரி என்றேன். எதற்குச் சரி சொல்கிறோம் என்று தெரியாமல் சரி சொன்னது என் வாழ்க்கையில் அது இரண்டாவது முறை. முதல் முறையைப் பற்றிச் சரஸ்வதி இந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதவில்லை.

வந்த அன்றே மயிலி சாப்பிட மறுத்துவிட்டது. அதன் மேல் தப்பில்லை. ஆலம்பாடி மாடு, காட்டில் நூறு விதமான செடியை முகர்ந்து பார்த்து, தனக்கு வேண்டியதை மட்டும் கடித்து வளர்ந்தது. நான் வாங்கி வைத்திருந்தது மூட்டைத் தீவனம். மூட்டையின் மேல் ஒரு மாடு சிரித்துக்கொண்டிருக்கும். மயிலி அந்தப் படத்தையும் பார்த்தது, என்னையும் பார்த்தது, தணிக்கைக்கு வந்தவர் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டது. “வா, வா” என்று கூப்பிட்டேன். மாப்பிள்ளை சிரித்தார். “மாமா, அதுக்குத் தமிழ் தெரியாது மாமா. எங்கூட்ல மாட்டுக்கிட்ட கன்னடந்தான். பா, பான்னு கூப்புடுங்க.” இத்தனை வருடம் ஓசூரில் இருந்தும் என் கன்னடம் பஸ்ஸில் சில்லறை கேட்பதோடு நின்றிருந்தது. பா என்றேன். வந்தது. பக்கத்தில் வந்து, சாப்பிடாமல் நின்றது.

உங்களுக்குத் தெரியும், நான் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே ஒரு குறை தென்பட்டால் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டேன். மயிலி சாப்பிடவில்லை, ஏன்? தீவனம் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை? பழக்கமில்லை. ஏன் பழக்கமில்லை? மலையில் மேய்ந்த மாடு. மலையில் மேய்ந்த மாடு ஏன் ஓசூருக்கு வந்தது? சம்பந்தி அனுப்பினார். ஐந்தாவது ‘ஏன்’ உங்களைக் கேட்பதாக அமைந்துவிட்டதால், மரியாதை கருதி ஆராய்ச்சியை அங்கேயே முடித்துக்கொண்டேன். அப்படி முடித்ததில்தான் வினை ஆரம்பமாயிற்று என்று இப்போது தோன்றுகிறது.

சர்க்கரை நோய் வந்த புதிதில் எனக்கும் காப்பி இறங்கவில்லை. அப்போது என்னைக் காப்பாற்றியது ஒரு சின்ன இனிப்பு மாத்திரை. சட்டைப் பையில் அடங்கும் பெட்டி. தலையை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு மாத்திரை காப்பியில் விழும். நாக்கு சர்க்கரை வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும், ரத்தத்துக்கு விஷயம் தெரியாது. எனக்குச் செய்த நன்மையை மயிலிக்குச் செய்யாதா என்று நினைத்து, நாலைந்து மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துத் தீவனத்தின் மேல் தெளித்தேன். மயிலி நக்கிப் பார்த்தது. பிறகு தின்றது. பிறகு தொட்டியை நக்கியது. பிறகு என் கையை, கைக்கடிகாரம் வரை நக்கியது. அந்த நிமிடத்தில் நான் அடைந்த பெருமையை என் பணி ஓய்வு விழாவில்கூட அடையவில்லை.

தீவனக் கடை சிவராஜ் இதைக் கேட்டுவிட்டு என்னைக் கண்டித்தார். “ஏன் சார் மாத்திரைய வீணாக்கறீங்க? இதுக்குன்னே இனிப்புப் பொடி வருது. பால் மறக்கற பன்னிக்குட்டிக்குப் போடறாங்க, கன்னுக்குட்டிக்குப் போடறாங்க. எல்லாம் அதே சாக்கரின்தான். கிலோ தீவனத்துக்கு ஒரு சிட்டிகை. கை மட்டும் தாராளமாப் போயிடக் கூடாது சார்.” எங்கள் ஊர்க் கை பொதுவாகத் தாராளமானது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் பொற்காலம். மயிலி தொட்டியைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும், நான் நிரப்புவேன். மடி நிறையப் பால். ஸ்வாதிக்குப் போக மிச்சத்தில் சரஸ்வதி தயிர் தோய்த்தாள். தோய்த்துவிட்டு, “பரவாயில்லையே, ஒங்களுக்கும் ஏதோ தெரியுது” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பற்றி அவள் சொன்ன மிகப் பெரிய புகழுரை இதுதான். காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்களிடம் எல்லாம் பொடியின் மகிமையைச் சொன்னேன். அவர்கள் நடக்கும் பாதையை மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் வேண்டியவர்களுக்கெல்லாம் நல்லது செய்யவும் தோன்றியது, செய்தேன்.

ஒரு பொருள் வேலை செய்கிறதா என்று சொல்ல வேண்டுமானால் அது எங்கே வேலை செய்யவில்லை என்றும் பார்க்க வேண்டும். எனவே மேல்வீட்டுப் பூனைக்குப் பாலில் கலந்து வைத்தேன். இனிப்புப் போட்ட பாலுக்கும் போடாத பாலுக்கும் அது எந்த வித்தியாசமும் காட்டவில்லை. எதிர்வீட்டுக் கோழிகளுக்குக் குருணையில் கலந்து போட்டேன், அவையும் அப்படியே. கோழிக்கும் பூனைக்கும் ரசனை இல்லை, மயிலிக்கு இருக்கிறது என்று முடிவு செய்து உங்கள் வளர்ப்பை மெச்சிக்கொண்டேன்.

பிறகு மயிலி வைக்கோலை நிறுத்தியது. இனிப்புத் தண்ணீரைத் தெளித்து வைத்தேன். தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டு வைக்கோலை ஒதுக்கியது. பச்சைப் புல்லை ஒதுக்கியது. கடைசியில் வெறும் தண்ணீரையும் ஒதுக்கிவிட்டு, வாளிக்கு முன்னால் நின்று என் சட்டைப் பையைப் பார்த்தது. சரி, புல்தான் போகட்டும், தீவனமாவது தின்கிறதே என்று அதை இரண்டு மடங்காக்கினேன். அப்புறம் டிக் சத்தம் பிடிபட்டுவிட்டது. நான் சமையலறையில் காப்பிக்கு மாத்திரை போட்டால் கொட்டகையிலிருந்து ‘அம்மா’ என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குப் பேத்தி விழித்து அழும். அந்த அழுகைக்கு ஸ்வாதி விழிப்பாள். ஸ்வாதி விழித்தால் சரஸ்வதி என்னைப் பார்ப்பாள். சமாதானத்தை உத்தேசித்து நான் தெருமுனை டீக்கடைக்குப் போய் மாத்திரை போட்டுக் குடிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸுக்காக அங்கே கூட்டமாக நின்றார்கள். நான் பெட்டியை அழுத்தினேன். கயிற்றையும் அது கட்டியிருந்த முளையையும் இழுத்துக்கொண்டு மயிலி அந்தக் கூட்டத்தின் நடுவில் வந்து நின்று, என் டம்ளரில் வாயை வைத்தது. பின்னாலேயே கன்று. “யாருதுங்க இந்த மாடு?” என்று யாரோ கேட்டார்கள். டீக்கடைக்காரர் முந்திக்கொண்டு, “சாரோட மாடுதான். சாருக்கு சுகர்ங்க, மாட்டுக்கும் சுகர்” என்று விளக்கினார். அதிலிருந்து நான் அந்தப் பக்கம் போவதில்லை.

இதற்கிடையில் மயிலி அசைபோடுவதை நிறுத்திவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அதை நான் முதலில் முன்னேற்றமாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒருமுறை மென்றதை வெளியே கொண்டுவந்து மறுபடியும் மெல்லுவது, எங்கள் தொழிலில் சொன்னால், மறுவேலை. மறுவேலை குறைந்த மாதத்தில் எங்கள் பிரிவில் மைசூர்பாகு கொடுப்போம். மாடு முதல் தடவையிலேயே வேலையை ஒழுங்காக முடிக்கக் கற்றுக்கொண்டதாக நினைத்தேன். பிறகு சாணி இளகியது. நாட்றாம்பாளையத்துச் சாணி தட்டினால் வறட்டியாக நிற்கும். இது தட்டுவதற்கு நிற்கவே இல்லை. புளித்த வாடை வேறு. சரஸ்வதி மூக்கைப் பொத்திக்கொண்டு, “வாசத் தெளிக்கக்கூட ஆகாது போலயே. மாட்ட வளக்கச் சொன்னா மாவரைக்கிற மிசினால்ல ஆக்கி வச்சிருக்கீக” என்றாள். மயிலியின் வயிறு ஒரு பக்கம் உப்பியிருந்தது. தொட்டியில் தீவனம் அப்படியே கிடந்தது. பொடியைக் கூட்டிப் போட்டேன். அப்படியும் கிடந்தது.

டாக்டர் அருணா ஸ்கூட்டரில் வந்தார். வயதில் ஸ்வாதியை விடக் கொஞ்சம் பெரியவர் அவ்வளவுதான். மயிலியின் இடது விலாவுக்குப் பின்னால் முஷ்டியை அழுத்தி வைத்து, கதவுக்குப் பின்னால் யாராவது பேசுகிறார்களா என்று கேட்பதுபோல நெடுநேரம் நின்றார்.

“என்ன போடறீங்க?”

“தீவனம்தான் டாக்டர்.”

“எவ்வளோ?”

“அது கேட்கிற அளவு.”

“உங்களுக்கு சுகர்னு சொன்னீங்களே. உங்க டாக்டர் நீங்க கேக்கற அளவு சாப்பிடச் சொன்னாரா?”

நான் பொடி டப்பாவைக் கொண்டுவந்து காட்டினேன். டாக்டர் அதன் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தார், என் கையைப் பார்த்தார், மறுபடி டப்பாவைப் பார்த்தார். “இந்தப் பொடி ஏமாத்தினது நாக்கை மட்டுந்தான் சார். மூட்ட மூட்டையா மாவு போட்டது உங்க கை. மாட்டு வயித்துல முதல் அறை ஒரு பெரிய பானை மாதிரி. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கு. நார, புல்ல எல்லாம் அதுங்கதான் செரிச்சுக் குடுக்கும். நீங்க சாப்பாடு போடறது மாட்டுக்கு இல்ல, அதுங்களுக்கு. நாரே இல்லாம மாவா அடிச்சீங்கன்னா பானை புளிச்சுப் போயிடும். நல்லதுங்க செத்துடும். அப்புறம் பசி எங்கிருந்து வரும்?”

இருபது வருடம் நான் தரம் பார்த்தது வெளிப்புறத்தை. உள்ளே இப்படி ஒரு தொழிற்சாலை மூன்று ஷிப்டும் ஓடுகிறது என்பதும், அதன் தொழிலாளர் அனைவரையும் நான் ஒரே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பூனை, கோழி ஆராய்ச்சியைப் பற்றியும் சொன்னேன். “பூனைக்கு இனிப்பே தெரியாது சார். கோழிக்கும் அப்படித்தான். தப்பித்தவறி நாய்க்கு மட்டும் எந்த இனிப்பையும் வெச்சுப் பாத்துடாதீங்க. சர்க்கரைக்குப் பதிலா போடறதுல ஒரு வகை இருக்கு, நாய்க்கு அது எமன்” என்றார். கொஞ்சம் தயங்கி என்னைப் பற்றியும் கேட்டேன். நாலு மணிக்கு மாத்திரை போட்ட காப்பியைக் குடித்தபின் மிக்சர் டப்பா என்னைக் கூப்பிடுகிறது, அது இதனால்தானா என்று. “நான் மாட்டு டாக்டர் சார்” என்றார். பிறகு இரக்கப்பட்டு, “எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. சிலதுல வயித்துக் கிருமி மாறுது, பசி அதிகமாகுது. சிலதுல ஒண்ணுமே ஆகல. மனுஷன் விஷயத்துல இன்னும் சண்டை முடியல. அளவாப் போட்டா கன்னுக்குட்டி, பன்னிக்குட்டியெல்லாம் நல்லாத்தான் சாப்பிடுது. பொடி மேல மட்டும் பழியப் போட்டுட்டு நீங்க தப்பிக்கப் பாக்காதீங்க” என்றார். மிக்சரைப் பற்றி அவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

வைத்தியம் மூன்று பாகம். தீவனத்தையும் பொடியையும் அடியோடு நிறுத்துவது, நிறுத்தியாயிற்று. சோடா உப்பைக் கரைத்துப் புகட்டுவது. புகட்டியாயிற்று, பாதி என் வேட்டிக்கும் போயிற்று. மூன்றாவது பாகத்துக்காகத்தான் இந்தக் கடிதம். செத்துப்போன கிருமிகளுக்குப் பதிலாக உயிருள்ளவற்றை உள்ளே குடியேற்ற வேண்டும். அதற்கு ஆரோக்கியமான இன்னொரு மாடு அசைபோடும்போது அதன் வாயிலிருந்து கவளத்தை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் புகட்ட வேண்டும். எங்கள் பகுதி மாடுகளை டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. “இதுங்கல்லாம் ஓட்டல் சோறும் பேக்கரி பன்னும் தின்னுதுங்க. இதுங்களுக்கே எங்கயாவது இருந்து வாங்கணும்” என்றார். இறைச்சிக் கூடத்திலிருந்து தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டுக்குள் அங்கிருந்து ஒரு சொட்டும் வரக் கூடாது என்று சரஸ்வதி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்து, “இது எந்த ஊர் மாடு?” என்று கேட்டார். சொன்னேன். “அப்போ மருந்து அங்கயே இருக்கு. காட்டுல மேஞ்சுட்டு வர்ற மாடா இருக்கணும். மூட்டைத் தீவனமோ இந்தப் பொடியோ நாக்குல பட்டிருக்கக் கூடாது. பிளாஸ்க்ல ஊத்தி, சூடு ஆறாம, எடுத்த அன்னிக்கே கொண்டாந்துடணும். புதன்கிழமைக்குள்ள வந்தா பொழைச்சுக்கும்.” உள்ளே போய்க் காலண்டரில் புதன்கிழமையை வட்டமிட்டேன்.

“பொண்ணு வீட்டுக்காரவுக சம்பந்தி வீட்ல கேட்டு வாங்குற பொருளா இது? வெளிய தெரிஞ்சா நாலு பேரு சிரிக்க மாட்டாக?” என்று சரஸ்வதி ஒரு நாள் முழுக்க என்னை எழுத விடவில்லை. பழம், பாத்திரம், பட்டு எதுவானாலும் பெண்ணின் தகப்பன் கொடுப்பவனே தவிரக் கேட்பவனல்ல என்பது எனக்கும் தெரியும். கேட்டாலும் இதைக் கேட்டவன் இதுவரை யாரும் இருக்க மாட்டான். ஸ்வாதிதான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, “அப்பா, மாமாகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிருங்க. அவர் என்னை இது வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல” என்றாள். நேற்றுச் சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றது. மயிலி படுத்திருந்தது. பழக்கதோஷத்தில் பையிலிருந்த பெட்டியை அழுத்திவிட்டேன். டிக் என்றது. அது காதைக்கூட அசைக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு ஊரைக் கூட்டிய மாடு. பெட்டியைத் தலை வேறு உடல் வேறாகக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். இன்று காலையிலிருந்து காப்பியைக் கசப்பாகவே குடிக்கிறேன். குடிக்கக்கூடியதாகத்தான் இருக்கிறது. இதை முன்பே குடித்துப் பார்த்திருக்கலாம்.

ஆகவே சம்பந்தி அவர்களை நான் வேண்டிக்கொள்வது: வெள்ளிக்கிழமை தொட்டில் விசேஷத்துக்கு வருவதாக இருந்ததைப் புதன்கிழமையாக முன்தள்ளி வைத்துக்கொண்டு, காலையில் உங்கள் மந்தையில் நல்லதாக ஒரு மாட்டிடம் கவளம் எடுத்து, அஞ்செட்டி வழியாக வரும் முதல் பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். புதுப் பிளாஸ்க் ஒன்று மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். வீட்டிலிருக்கும் பழைய பிளாஸ்க் கல்யாணத்துக்குக் காப்பி கொண்டுபோனது. அதை மறுபடி காப்பிக்குப் பயன்படுத்த வேண்டும் என்று சரஸ்வதி சொல்கிறாள். பஸ்ஸில் யாராவது என்னவென்று கேட்டால் காப்பி என்று சொல்லிவிடாதீர்கள், ஒரு வாய் கேட்பார்கள். கஷாயம் என்று சொல்லுங்கள். தொட்டில் சீராகத் தாங்கள் வேறு எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. கொண்டுவந்தே தீருவீர்கள் என்பது தெரியும். அப்படியானால் தட்டுகளை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு, இதை மட்டும் உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெண்ணை நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. என் பெண்ணை நீங்கள் பார்த்துக்கொள்ளும் விதத்தில் இதனால் மாற்றம் இருக்காது என்பது தெரியும். அது தெரிவதால்தான் எழுதும்போது கை கூசுகிறது. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தாத்தாவுக்குப் பேத்தி தன் கைவசம் உள்ளதை, அதாவது ஒரு கொட்டாவியை, அனுப்புகிறாள். மலையில் உள்ள ஆடு மாடுகள் அனைத்தும் பெருகி, நல்லபடி பசித்து, நல்லபடி அசைபோட்டு வாழ்க என்று வேண்டும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
கமலக்கண்ணன்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டிவைத்தபின் மாப்பிள்ளை போச்சம்பள்ளியில் வேலை முடிந்து வந்து சேர்ந்தார். உறையை மறுபடி பிரித்து இதைச் சேர்க்கிறேன். அவர் பஸ்ஸுக்கு அவசரப்படுவதால் மேலே உள்ளதைத் திருத்தி எழுத நேரமில்லை. குழந்தையைக் கொஞ்சிவிட்டு அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மாமா, போன வாரம் அப்பா போன் பண்ணாரு மாமா. நீங்க குடுத்தனுப்புன இனிப்புப் பொடி பிரமாதமாம். கேவுரு மாவுல கலந்து போடறாராம். எந்த மாடும் இப்ப காட்டுக்கே போவறதில்ல, தொட்டியச் சுத்தியே நிக்குதுங்களாம். தெருவுல எல்லார் வூட்லயும் அதேதான். ஊரே உங்களப் பத்திப் பேசுது மாமா. இன்னும் ரெண்டு மூட்டை வாங்கியாரச் சொன்னாரு.”

நான் படியில் உட்கார்ந்துகொண்டேன். மேலே மூட்டைகள் என்று எழுதியதும் இதே பொடியைத்தான், டாக்டர் சொன்னபோதுகூட அது எனக்கு உறைக்கவில்லை. பொடி போகாத வீடு ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டேன். “ஒரே வூடுதான் மாமா. நீங்கதான குடுக்க வேணாம்னு சொன்னீங்க.”

எனவே, மேலே ‘உங்கள் மந்தையில்’ என்று எழுதிய இடத்தில் ‘முனிராஜ் அண்ணன் அவர்களின் மந்தையில்’ என்று திருத்திப் படிக்கவும். பொடியை இன்றே நிறுத்தி, மாவைக் குறைத்து, மாடுகளைக் காட்டுக்கு ஓட்டவும். தெருவில் உள்ளவர்களுக்கும் தெரிவிக்கவும். ஸ்பீக்கரில் தெரிவித்தாலும் பாதகமில்லை. இன்னும் சில நாளில் உங்களுக்கும் ஒரு பிளாஸ்க் தேவைப்படலாம். அண்ணன் அவர்களின் மாடுகள் தினமும் மலை ஏறி இறங்குவதாக மாப்பிள்ளை சொல்கிறார். புளியமரத்தைப் பற்றி நானும் யோசித்துப் பார்த்தேன். வரப்பில் நிற்கிற மரத்தின் புளி இரண்டு பக்கமும் விழத்தான் செய்யும். தொட்டில் விசேஷத்துக்கு அண்ணன் அவர்கள் குடும்பத்தோடு வர வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லவும். முதல் பந்தி. பாயசம் வேண்டிய அளவு, அதுவும் வெல்லம் போட்டு.

ஒருவேளை இந்தக் கடிதத்தை அவரிடமே காட்ட வேண்டி வந்தால், இரண்டாவது பத்தியை மட்டும் உள்பக்கமாக மடித்துப் பிடித்துக்கொண்டு காட்டவும்.